தார்ப் பாதையைப் பேணுதல்: பூச்சுக்கு முன் தண்ணீரைக் கவனியுங்கள்

வீட்டு வாயிலிலிருந்து தெருவரை செல்லும் தார்ப் பாதை நரைத்துப்போனதும், ஒரு டப்பா கறுப்புப் பூச்சு வாங்கி வந்து அடித்துவிட்டால் வேலை முடிந்தது என்றே பலர் எண்ணுகிறார்கள். பூச்சு தேவைதான், ஆனால் அது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. தண்ணீர் எங்கே தேங்குகிறது, எந்த விரிசல் வழியாக உள்ளே இறங்குகிறது என்று பார்க்காமல் அடிக்கும் பூச்சு, ஒழுகும் கூரையை விட்டுவிட்டுச் சுவருக்கு வெள்ளையடிப்பதைப் போன்றது. சில மாதங்களுக்குப் பாதை புதிதாகத் தோன்றும். அதன் அடியில் கேடு தொடர்ந்து வளர்ந்துகொண்டிருக்கும்.

ஏன் இப்படி என்பது பாதையின் உள்ளமைப்பைப் பார்த்தால் விளங்கும். தார்க்கலவையின் எடையில் நூற்றுக்கு ஏறத்தாழ 95 பங்கு ஜல்லியும் மணலும் கல்தூளும்தான். அவற்றை ஒட்டிப் பிடித்திருக்கும் பசை 5 பங்கு அளவே. பேச்சு வழக்கில் நாம் தார் என்று சொல்லும் இந்தப் பசை, கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது கிடைக்கும் பிட்டுமென். நிலக்கரியிலிருந்து வடிக்கப்படும் தார் வேறு பொருள் என்பதை நினைவில் வையுங்கள், பூச்சு வாங்கும்போது இந்த வேறுபாடு முக்கியமாகும். வெயிலும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் பட்டுப் பட்டுப் பிட்டுமென் இறுகி, நெகிழ்ச்சியை இழந்து, நொறுங்கும் தன்மையை அடைகிறது. கறுப்பு சாம்பல் நிறமாவது இதன் வெளி அடையாளம். நெகிழ்ச்சி போன தளத்தில் விரிசல் விழுகிறது, அதன் வழியாகத் தண்ணீர் கீழே உள்ள கிராவல் அடித்தளத்தில் இறங்குகிறது. நனைந்த அடித்தளம் வண்டியின் பாரத்தைத் தாங்காமல் அமுங்கும்போது மேல்தளம் உடைகிறது. குளிர் நாடுகளில் இதற்கு மேலும் ஒரு கேடு உண்டு: உறையும் நீர் ஏறத்தாழ 9 விழுக்காடு விரிவதால், விரிசலுக்குள் தங்கிய நீர் ஒவ்வொரு முறை உறையும்போதும் ஆப்பு அடித்தாற்போல் அதை அகலப்படுத்துகிறது.

மழையில் ஒரு நடை

பராமரிப்பை மழை நாளில் தொடங்குவதே சிறந்தது. நல்ல மழை பெய்து ஓய்ந்து ஒரு மணி நேரம் கழித்துப் பாதை முழுவதும் நடந்து பாருங்கள். அப்போதும் வடியாமல் நிற்கும் தண்ணீரின் விளிம்பைச் சுண்ணக்கட்டியால் கோடிட்டுக் குறித்துக்கொண்டால், காய்ந்த பிறகு எந்த இடத்தை நிரப்ப வேண்டும் என்பதில் ஐயமே இருக்காது. கூரை நீர் இறங்கும் குழாய் பாதையின்மேல் கொட்டுகிறதா, ஓரத்து மண் பாதையைவிட உயர்ந்து தண்ணீரைத் தடுக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். இவ்விரண்டையும் ஒரு மண்வெட்டியும் சில அடி நீளக் குழாயும் கொண்டே சரிசெய்துவிட முடியும். செலவைவிடப் பலன் மிகுதியாகக் கிடைக்கும் வேலை இதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

பாதைக்கு ஒரு மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் அளவு சரிவு இருப்பது நல்லது. 3 மீட்டர் அகலப் பாதை ஒருபக்கமாகச் சரிந்திருந்தால், ஒரு விளிம்பு மற்றதைவிட 6 சென்டிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும். நூல் பிடித்து ரசமட்டம் வைத்துப் பார்த்தால் இது தெரிந்துவிடும். சரிவு எந்தப் பக்கம் இருந்தாலும், அது வீட்டின் சுவரை நோக்கி மட்டும் இருக்கக் கூடாது.

விளிம்புகளைத் தனியாகக் கவனிக்க வேண்டும். கல்லோ கட்டையோ அணையாக இல்லாத விளிம்பு, வண்டிச் சக்கரம் ஏறி இறங்கும்போது முதலில் உதிரும். ஓரத்தில் மண்ணைப் பாதையின் மட்டத்துக்குச் சற்றுக் கீழே வரை இட்டு நன்றாக இடித்து இறுக்கினால், விளிம்புக்குத் துணையும் கிடைக்கும், தண்ணீர் வடியவும் வழி இருக்கும். விளிம்பை ஒட்டி மரம் நடாதீர்கள். வேர் தடித்துத் தளத்தைத் தூக்கிவிட்டால், அந்த இடத்தை எத்தனை முறை ஒட்டுப்போட்டாலும் நிற்காது.

புதிதாகப் போட்ட பாதை

புதுத் தளம் பார்வைக்கு இறுகிவிட்டதுபோல் இருந்தாலும், உள்ளே மென்மையாகவே இருக்கும். முதல் சில நாள்கள், வெயில் காலமாயின் ஒரு வாரம், வண்டி ஏற்றாமல் இருப்பது நல்லது. அதன்பின்னும் முதல் ஆண்டு முழுவதும் சில பழக்கங்கள் தேவை. வண்டி நின்றுகொண்டிருக்கும்போது ஸ்டீயரிங்கைத் திருப்பினால் சக்கரத்தின் அடியில் தளம் திருகிக்கொண்டு பெயரும், ஆகவே வண்டி மெல்ல நகரும்போதே திருப்ப வேண்டும். இருசக்கர வாகனத்தின் ஸ்டாண்ட், ஜாக்கி, ஏணி ஆகியவை சிறிய பரப்பில் பெரும் பாரத்தை இறக்குபவை, அவற்றின் அடியில் ஒரு பலகை வைத்துவிடுங்கள். நாள்தோறும் ஒரே இடத்தில் வண்டியை நிறுத்தாமல் சற்று முன்பின்னாக மாற்றி நிறுத்துவதும் பள்ளம் விழாமல் காக்கும். புதுத் தளத்துக்குப் பூச்சு வேண்டியதில்லை. குறைந்தது ஆறு மாதமாவது கழியட்டும்.

எண்ணெய்க் கறை

பெட்ரோல், டீசல், என்ஜின் ஆயில் ஆகிய அனைத்தும் பிட்டுமெனுக்கு உறவுப் பொருள்கள். அதனால் அவை அதைக் கரைத்து இளக்கிவிடும். சொட்டு விழுந்த அன்றே காய்ந்த மணலையோ மரத்தூளையோ தாராளமாகக் கொட்டி, சில மணி நேரம் ஊறவிட்டுப் பெருக்கி எடுங்கள். பிறகு சோப்புத்தூள் கரைத்த நீரால் நார்த் துடைப்பம் கொண்டு தேய்த்துக் கழுவலாம். கறையைப் போக்க மண்ணெண்ணெய் ஊற்றுவது கறையோடு பாதையையும் கரைப்பதாகும். நெடுநாள் ஒழுகிய எண்ணெயால் தளம் இளகி, கரணையால் குத்தினால் பெயர்ந்து வரும் நிலையை அடைந்துவிட்டால், அந்தத் துண்டை வெட்டி எடுத்துப் புதுக்கலவை இடுவதைத் தவிர வேறு வழியில்லை. அதிவேக நீர்ப்பீச்சியால் கழுவுவோர் முனையைத் தளத்துக்கு மிக அருகில் கொண்டுசெல்லக் கூடாது, பழைய தளத்தின் மணலை அது எளிதாகப் பெயர்த்துவிடும்.

விரிசலைப் படித்தல், அடைத்தல்

எல்லா விரிசலும் ஒன்றல்ல. அடைப்பதற்கு முன் அது எதனால் வந்தது என்று பார்க்க வேண்டும். பாதையின் குறுக்கே நேர்க்கோடாக ஓடும் விரிசல் பெரும்பாலும் வெப்பத்தில் விரிந்து குளிரில் சுருங்குவதால் வருவது, அதை அடைத்தால் போதும். விளிம்புக்கு இணையாக ஓடினால் ஓரத்துக்கு அணை இல்லை என்று பொருள், எனவே அணையைச் சரிசெய்த பின்னரே அடைக்க வேண்டும். முதலையின் தோல்போல் சிறு சிறு கட்டங்களாகப் பின்னிக் கிடக்கும் விரிசல் வேறு வகை: அங்கே அடித்தளமே தளர்ந்துவிட்டது. அதன்மேல் எதைப் பூசினாலும் பணமும் உழைப்பும் வீண். அந்தப் பகுதியை அறுத்து எடுத்து, ஈர மண்ணை நீக்கி, புதுக் கிராவல் இட்டு இறுக்கிய பின்புதான் மேல்தளம் போட வேண்டும்.

அளவும் முக்கியம். 3 மில்லிமீட்டருக்குக் குறைந்த மயிரிழை விரிசலுக்குள் அடைப்புப் பொருள் இறங்காது, பின்னர் அடிக்கும் பூச்சே அதை மூடிவிடும். 3 முதல் 12 மில்லிமீட்டர் வரை அகலமுள்ளவற்றுக்கு ஊற்றி அடைக்கும் ரப்பர் கலந்த அடைப்புப் பொருள் ஏற்றது. அதைவிட அகலமானவற்றுக்கு மணல் கலந்த கெட்டியான விழுதோ நுண்ணிய தார்க்கலவையோ தேவைப்படும்.

மிதமான குளிர்ச்சியுள்ள, மழையில்லாத நாள்களைத் தேர்ந்தெடுங்கள். கடும் வெயிலில் விரிசல் இறுகி மூடிக்கொள்ளும், குளிரில் திறந்திருக்கும். நடுத்தரமாகத் திறந்திருக்கும்போது அடைத்தால்தான் பொருள் பிறகு பிதுங்காமலும் பிய்யாமலும் நிற்கும். முதலில் விரிசலில் முளைத்த களையை வேரோடு பிடுங்க வேண்டும். ஒரு பழைய திருப்புளியால் உள்ளே உள்ள மண்ணையும் உதிரிக் கற்களையும் கிளறி, கம்பித் தூரிகையால் இருபுறச் சுவரையும் தேய்த்து, காற்றடித்துத் தூசியைப் போக்குங்கள். தூசிமேல் எந்த அடைப்பும் ஒட்டாது என்பதால், இந்தப் பகுதிக்கே உங்கள் நேரத்தில் பெரும்பங்கைச் செலவிட வேண்டும் என்று வலியுறுத்திச் சொல்கிறேன். தண்ணீர் விட்டுக் கழுவினால் முழுதாகக் காய ஒரு நாளாவது விடுங்கள்.

விரிசல் ஆழமாக இருந்தால், மேல்மட்டத்துக்கு 1 சென்டிமீட்டர் கீழே வரை காய்ந்த மணலை இறுக நிரப்புங்கள். இல்லாவிட்டால் ஊற்றும் பொருள் எல்லாம் அடியில் போய் மறைந்துவிடும். அதன்மேல் அடைப்புப் பொருளை மெல்ல ஊற்றி, அது அடங்கி இறங்கிய பிறகு இரண்டாம் முறை ஊற்றித் தளத்தோடு மட்டமாகக் கரணையால் வழித்துவிடுங்கள். மேடாக விட்டால் சக்கரத்தில் ஒட்டிப் பிய்ந்து வரும். இறுதியாக ஒரு கைப்பிடி மணலைத் தூவினால் பிசுபிசுப்பு அடங்கும். எளிதில் கிடைக்கிறதே என்று சிமென்ட் கலவையால் அடைப்போர் உண்டு. தார்த்தளம் விரிந்து சுருங்கும்போது சிமென்ட் அதனோடு இசைந்து கொடுக்காமல் விலகி, இரு பக்கமும் புதிதாக இரண்டு பிளவுகளை உண்டாக்கும் என்பதால் அதைத் தவிர்க்க வேண்டும்.

குழி

சிறு குழிகளுக்குப் பையில் அடைத்து விற்கப்படும் குளிர்கலவை போதும், அதைச் சூடாக்க வேண்டியதில்லை. குழியின் தளர்ந்த ஓரங்களை உளியால் வெட்டி, உறுதியான தளம் கிடைக்கும் வரை நீக்கி, பக்கங்களைச் செங்குத்தாக்குங்கள். சரிந்த ஓரத்தில் இட்ட கலவை மெலிந்து உதிர்ந்துவிடும். பிட்டுமென் எமல்ஷனை (பிட்டுமென் நுண்துளிகளாக நீரில் கலந்த குழம்பு) பக்கங்களில் மெல்லியதாகத் தடவி, கலவையை 5 சென்டிமீட்டர் அடுக்குகளாக இட்டு, ஒவ்வொரு அடுக்கையும் திமிசுக்கட்டையால் நன்றாக இடித்து இறுக்க வேண்டும். மொத்தமாகக் கொட்டி மேலே மட்டும் இடித்தால் அடிப்பகுதி இறுகாது. கடைசி அடுக்கு, பாதையைவிட 1 சென்டிமீட்டர் அளவு உயர்ந்திருக்கட்டும். வண்டி ஓட ஓட அது அடங்கி மட்டத்துக்கு வரும்.

இனி, பூச்சு

பூச்சு தேவையா என்பதை அறிய, பாதையின்மேல் சிறிது நீர் தெளித்துப் பாருங்கள். முத்து முத்தாக நின்றால் பிட்டுமெனின் பசை இன்னும் இருக்கிறது. உடனே உறிஞ்சிக்கொண்டு அந்த இடம் கறுத்தால் பூச்சுக்கான காலம் வந்துவிட்டது. மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை போதும். ஆண்டுதோறும் அடித்தால் அடுக்குகள் தடித்து, அவையே வெடித்துப் பாளம் பாளமாக உரியும்.

நீரில் கலந்த பிட்டுமென் எமல்ஷன் வகையையே வாங்குங்கள். நிலக்கரித் தார் கலந்த பூச்சுகள் எண்ணெய்க்கு நன்கு ஈடுகொடுப்பவைதான், ஆனால் அவற்றில் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய வேதிப்பொருள்கள் மிகுதி. தேய்ந்த துகள்கள் காலடியில் ஒட்டி வீட்டுக்குள்ளும், மழைநீரோடு ஓடைக்குள்ளும் சேர்கின்றன. அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் இவற்றுக்கு 2006 முதல் தடை நடைமுறையில் உள்ளது. குழந்தைகள் ஓடி விளையாடும் பாதையில் அதைப் பூச வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு லிட்டர் ஏறத்தாழ 2 சதுர மீட்டருக்கு ஒருமுறை பூச வரும். 3 மீட்டர் அகலமும் 12 மீட்டர் நீளமும் உள்ள பாதைக்கு ஒரு பூச்சுக்கு 18 லிட்டர், இரண்டு பூச்சுக்கு 36 லிட்டர் தேவைப்படும். வெப்பம் 10 டிகிரி செல்சியசுக்கு மேல் இருக்க வேண்டும், அடுத்த 24 மணி நேரத்துக்கு மழை வரக் கூடாது. உச்சிவெயிலில் அடித்தால் மேல்புறம் மட்டும் காய்ந்து உள்ளே ஈரம் தங்கும். பொருளை அடிவரை கிளறி, வீட்டுப் பக்கத்திலிருந்து தெருவை நோக்கிப் பின்னோக்கி நகர்ந்தபடி ரப்பர் வைப்பரால் மெல்லியதாக இழுத்துவிடுங்கள். தடிமனான ஒரு பூச்சைவிட மெல்லிய இரண்டு பூச்சு நெடுநாள் உழைக்கும். முதல் பூச்சு கையில் ஒட்டாத அளவுக்குக் காய்ந்த பின் இரண்டாவதை அடித்து, அதற்குப் பிறகு ஒன்றிரண்டு நாள் பாதையைக் கயிறு கட்டி அடைத்து வையுங்கள்.

பழுதுபார்ப்பது போதாத நிலை

நன்கு போடப்பட்டுப் பேணப்பட்ட பாதை 20 ஆண்டுகள்வரை உழைக்கும். முதலைத்தோல் விரிசல் பாதையின் பெரும்பகுதியில் பரவிவிட்டால், துண்டு துண்டாக ஒட்டுப்போடுவதை நிறுத்திவிட்டு முழுதாகப் பெயர்த்துப் போடுவதே சிக்கனம். பழைய தளத்தின் மேலேயே புது அடுக்கு போடலாம் என்று யாரேனும் சொன்னால், அடித்தளம் உறுதியாக உள்ள இடங்களுக்கு மட்டுமே அதை ஏற்றுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கீழே உள்ள விரிசல் வெகு விரைவில் மேலேயும் தோன்றும். பேசி முடிவுசெய்யும்போது, கிராவல் அடித்தளம் 15 முதல் 20 சென்டிமீட்டர், அதன்மேல் தார்த்தளம் 5 முதல் 7.5 சென்டிமீட்டர் என்ற அளவுகளை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அவை ரோலர் ஓட்டி இறுக்கிய பின் இருக்க வேண்டிய அளவுகள் என்பதையும் அதிலேயே குறிப்பிடச் சொல்லுங்கள், ஏனெனில் கொட்டியபோது இருந்த கனம் ரோலர் ஓடியதும் குறைந்துவிடும். கிராவலை இறுக்கி முடித்த நாளில், கலவை வந்து இறங்குவதற்கு முன்பாக, நீங்களே நூல் பிடித்துச் சரிவைச் சோதித்துப் பாருங்கள். அந்த நிலையில் திருத்துவது அரைமணி நேர வேலை, மேல்தளம் விழுந்த பிறகு திருத்த வேண்டுமென்றால் பாதையையே மீண்டும் பெயர்க்க நேரும்.