டிகிரியில் மார்க் குறைவா? மேல்படிப்புக்கு இன்னும் எந்தெந்த வழி இருக்கிறது

பி.இ. முடித்தபோது என் கையில் இருந்தது 58 சதவீதம், அதுவும் ஆறு அரியரைத் தவணை முறையில் கிளியர் பண்ணிய பிறகு. சொந்தக்காரர் ஒருவர், "அறுபது கூட இல்லையா, அப்ப எம்.இ. பக்கம் போகாதே" என்றார். நானும் நம்பி ஒரு வருடத்தை வீட்டில் உட்கார்ந்தே ஓட்டினேன். அவர் சொன்னது பாதிதான் உண்மை. 60 கேட்கிற இடங்கள் இருக்கின்றன, 50 போதும் என்கிற இடங்களும் இருக்கின்றன, பாஸ் ஆனால் போதும் என்கிற இடங்களும் இருக்கின்றன. எது எங்கே என்று தெரியாததுதான் அன்றைக்கு எனக்குப் பிரச்சினை.

முதலில் உங்கள் சதவீதம் உண்மையில் எவ்வளவு என்று பாருங்கள். சி.ஜி.பி.ஏ.வை, அதாவது பத்துக்கு இத்தனை என்று வரும் மொத்த கிரேடு சராசரியை, சதவீதமாக்கும் கணக்கு பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். சில இடங்களில் நேராகப் பத்தால் பெருக்கிவிடுவார்கள், கர்நாடகாவின் வி.டி.யு. பல்கலைக்கழகம் மாதிரி சில இடங்களில் 0.75-ஐக் கழித்துவிட்டுப் பத்தால் பெருக்குவார்கள். அதே 6.2 ஒரு இடத்தில் 62, இன்னொரு இடத்தில் 54.5. ஆகவே நண்பன் போட்ட கணக்கை விண்ணப்பத்தில் எழுதாமல், உங்கள் பல்கலைக்கழகம் தரும் சான்றிதழையே வாங்கி வையுங்கள். அப்புறம், ஸ்டாண்டிங் அரியர், அதாவது இன்னும் பாஸ் ஆகாத பேப்பர், இருந்தால் கீழே சொல்லும் எதையும் யோசிக்கும் முன் அதை முடியுங்கள். பழைய அரியரைப் பெரும்பாலான இடங்களில் மன்னிப்பார்கள், முடிக்காத டிகிரியை வைத்து யாரும் சேர்க்க மாட்டார்கள்.

அடுத்துப் பார்க்க வேண்டியது, நீங்கள் விரும்பும் படிப்பில் மார்க் எதற்குப் பயன்படுகிறது என்பதை. சில படிப்புகளில் மார்க் விண்ணப்பிக்கும் தகுதிக்கு மட்டும்தான், சீட்டை முடிவு செய்வது நுழைவுத் தேர்வு. வேறு சிலவற்றில் தரவரிசையே டிகிரி மார்க்கை வைத்துத்தான். நம்மைப் போன்றவர்களுக்கு முதல் வகைதான் லாபம், ஏனென்றால் நான்கு வருடத்தில் கோட்டைவிட்டதை ஆறு மாதத் தயாரிப்பில் பிடிக்க வாய்ப்பு இருப்பது அங்கே மட்டும்தான்.

எம்.இ., எம்.டெக். என்றால் அதற்கான தேசிய நுழைவுத் தேர்வான கேட் (GATE) எழுத மார்க் வரம்பு கிடையாது, ஸ்கோர் மூன்று வருடம் செல்லும். ஆனால் எழுத முடிவது வேறு, சேர முடிவது வேறு. என்.ஐ.டி. என்ற மத்திய அரசு பொறியியல் கல்லூரிகளுக்கான கவுன்சிலிங்கில் பொதுப்பிரிவு, ஓ.பி.சி. இரண்டுக்கும் 60 சதவீதம் அல்லது 6.5 சி.ஜி.பி.ஏ. வேண்டும், எஸ்.சி., எஸ்.டி. என்றால் 55 அல்லது 6.0. அதற்குக் கீழே இருப்பவர்கள் தமிழ்நாட்டு கவுன்சிலிங்கைப் பாருங்கள். 50 சதவீதம் போதும், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 45, தரவரிசை கேட் ஸ்கோரிலோ சீட்டா என்ற தமிழ்நாட்டு எம்.இ. நுழைவுத் தேர்விலோ வரும். நான் உள்ளே போனது இந்த வழியில்தான்.

எம்.பி.ஏ., எம்.சி.ஏ. ஆசை இருந்தால் டான்செட் என்ற தமிழ்நாட்டு நுழைவுத் தேர்வு. கேட்கும் மார்க் அதே அளவுதான். கேட் (CAT) என்றே ஒலிக்கும் இன்னொரு தேர்வு, அதாவது ஐ.ஐ.எம். மேலாண்மைக் கல்லூரிகளுக்கானது, அதற்கும் 50 சதவீதம் போதும்தான், ஆனால் பல ஐ.ஐ.எம்.கள் நேர்காணலுக்கு ஆள் எடுக்கும்போது பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி மார்க் எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்கும். பர்சன்டைல், அதாவது எத்தனை சதவீதம் பேரை முந்தினீர்கள் என்ற கணக்கு, மிக அதிகமாக வந்தால் ஒழிய அங்கே நேரத்தைக் கொட்ட வேண்டாம் என்பேன்.

கலை, அறிவியல் டிகிரிக்காரர்கள் பலர் கவனிக்காமல் விடுவது சி.யு.இ.டி. பி.ஜி., அதாவது மத்தியப் பல்கலைக்கழகங்களின் முதுகலைப் பொது நுழைவுத் தேர்வு. திருவாரூரில் இருக்கும் மத்தியப் பல்கலைக்கழகம், புதுவைப் பல்கலைக்கழகம் எல்லாம் இந்த மதிப்பெண்ணில்தான் சேர்க்கின்றன. ஒவ்வொரு படிப்புக்கும் தகுதி மார்க் வேறு, அறிவிப்பைத் திறந்து வரி வரியாகப் படியுங்கள்.

சட்டமும் பி.எட்.டும் கொஞ்சம் ஏமாற்றும். மூன்று வருட எல்.எல்.பி.க்குத் தகுதி 45 சதவீதம், எஸ்.சி., எஸ்.டி.க்கு 40. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் தமிழ்நாட்டில் அரசுக் கல்லூரி சீட் டிகிரி மார்க் வரிசையில் போகும், 48 வைத்துக்கொண்டு நல்ல கல்லூரியை எதிர்பார்க்க முடியாது. பி.எட்.டும் ஏறக்குறைய அப்படித்தான்.

இப்போது பலருக்குத் தெரியாத வழி. இக்னோ என்ற மத்திய அரசின் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலோ தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலோ எம்.ஏ. மாதிரி நிறையப் படிப்புகளுக்கு ஒரு டிகிரி இருந்தால் போதும். அந்த முதுகலையில் 55 சதவீதம் எடுத்துவிட்டால் கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வு எழுதலாம், பிஎச்.டி.க்கும் விண்ணப்பிக்கலாம், அங்கே தகுதிக்குப் பார்ப்பது முதுகலை மார்க்கைத்தான். எஸ்.சி., எஸ்.டி., கிரீமி லேயரில் (வசதி படைத்தவர் பிரிவில்) வராத ஓ.பி.சி. என்றால் 50. இதில் ஒரு சிக்கல், நம் ஊர் பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் மட்டும் செல்லாது, மத்திய அரசு வடிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும், கடைசி வாரத்தில் தாலுகா ஆபீசுக்கு ஓடினால் கிடைக்காது. தொலைநிலையில் எது சேர்ந்தாலும் அந்தப் படிப்புக்கு, அந்த வருடத்துக்கு யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) அனுமதி இருக்கிறதா என்று யு.ஜி.சி. தளத்திலேயே பாருங்கள். பி.இ., எல்.எல்.பி. தபாலில் தருகிறோம் என்று யாராவது சொன்னால் அந்த போனை வைத்துவிடுங்கள்.

காமர்ஸ் பக்கம் சாய்ந்தால், சி.ஏ.வில் நேரடியாக இரண்டாம் கட்டமான இன்டர்மீடியட் சேர காமர்ஸ் டிகிரிக்கு 55, மற்றவர்களுக்கு 60 சதவீதம் வேண்டும். இல்லையென்றால் முதல் கட்டமான ஃபவுண்டேஷன் எழுதிவிட்டுப் போகலாம், பன்னிரண்டாவது பாஸ் போதும். புரோகிராமிங் பிடித்தால் ஐ.ஐ.டி. மெட்ராஸின் ஆன்லைன் டேட்டா சயின்ஸ் பி.எஸ். என்ற இளநிலைப் படிப்பு இருக்கிறது. ஜே.இ.இ. தேவையில்லை, நான்கு வாரப் பாடம் படித்துத் தகுதித் தேர்வு எழுதினால் உள்ளே போகலாம். உள்ளே நுழைவதுதான் சுலபம், படிப்பு சுலபமில்லை.

வெளிநாடு. ஜெர்மனியில் நம் மார்க்கை அவர்கள் அளவுகோலுக்கு மாற்றுவார்கள், அங்கே 1 உச்சம், 4 வெறும் பாஸ். உங்கள் பாஸ் அளவு 5 என்று வைத்தால் 7.5 சி.ஜி.பி.ஏ. 2.5 ஆகும், 6.0 என்பது 3.4 ஆகும். பல படிப்புகள் 2.5 கேட்கின்றன, ஆனால் வரம்பு வைக்காத படிப்புகளும் உண்டு, அவற்றைத் தேடி எடுப்பதுதான் வேலை. நம் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழ் கட்டாயம், வர நாளாகும். ஏஜென்சிகளை நம்பி உட்காராதீர்கள், பலர் கமிஷன் தரும் கல்லூரியின் பெயரைத்தான் சொல்வார்கள். என் நண்பன் ஒருவனை அப்படித்தான் அவனுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு படிப்பில் தள்ளிவிட்டார்கள். நோக்க அறிக்கை, அதாவது ஏன் இந்தப் படிப்பு என்று விண்ணப்பத்தோடு தரும் கட்டுரை, எழுதும்போது மார்க் குறைந்ததற்கு ஒரே ஒரு வரி, காரணத்தோடு, புலம்பாமல். மிச்ச இடத்தில் கடைசி செமஸ்டர்களில் ஏறிய மார்க்கையும் செய்த புராஜெக்டையும் வையுங்கள்.

தேதிகளைத் தவறவிடாதீர்கள். ஐ.ஐ.எம். தேர்வுக்கும் கேட் தேர்வுக்கும் விண்ணப்பம் ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் வரும், ஒன்று நவம்பரில் நடக்கும், இன்னொன்று பிப்ரவரியில். சி.யு.இ.டி. பி.ஜி.யும் டான்செட்டும் வழக்கமாக மார்ச் ஒட்டி. ஸ்டாண்டிங் அரியர் ரிசல்ட் இதற்குள் வந்துவிடுமா என்று இன்றைக்கே கல்லூரி ஆபீசில் கேட்டுவிடுங்கள்.