9 நாள் காய்ச்சலும் 3 சீட்டும்

போன ஐப்பசியில் பள்ளத்தூர் ஆச்சி ஒருவர் 6 வயதுப் பேரனைத் தோளில் சாய்த்தபடி வந்தார். 9 நாளாகக் காய்ச்சல். பையில் 3 சீட்டு, மூன்றிலும் வெவ்வேறு ஆன்டிபயாடிக். பரிசோதனை என்று பார்த்தால் டைஃபாய்டுக்கான வைடால் என்ற ரத்தப் பரிசோதனை ஒன்றுதான்.

காரைக்குடியில் குழந்தைகளைப் பார்க்கும் டாக்டராகச் சொல்கிறேன். காரணம் தெரியாத காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் எழுதும்போது, "அதற்கு முன்னாலேயே ரத்த கல்ச்சரும் சிறுநீர் கல்ச்சரும் எடுத்துவிடலாமா?" என்று கேளுங்கள். கல்ச்சர் என்றால் கிருமியை லேபில் வளர்த்துக் கண்டுபிடிப்பது. மருந்து உள்ளே போய்விட்டால் கிருமி லேபில் வளராமல் போகலாம். அப்புறம் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதைதான்.

டைஃபாய்டுக்கு முதல் வாரத்தில் நம்பக்கூடியது ரத்த கல்ச்சர். வைடால் அப்போது பல நேரம் ஒன்றும் காட்டாது. காட்டினாலும் பழைய தொற்றின் மிச்சமாக இருக்கலாம். ரத்தத்தில் வெள்ளணு கூடவில்லையே என்று நிம்மதி அடையவும் வேண்டாம், டைஃபாய்டில் அது குறைந்தும் இருக்கலாம்.

2 வயதுக்குள் சிறுநீர்த் தொற்று பல நேரம் வெறும் காய்ச்சலாகவே வரும். சிறுநீர் வரும் இடத்தைக் கழுவிவிட்டு, முதலில் வருவதை விட்டு, நடுவில் வருவதை லேப் கொடுத்த பாட்டிலில் பிடியுங்கள். ஒட்டும் பையில் பிடித்தால் தோல் கிருமியும் சேர்ந்துவிடும். 1 மணி நேரத்துக்குள் லேபில் சேருங்கள். முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வையுங்கள், ஃப்ரீசரில் அல்ல.

அடுத்தது உடம்பு முழுக்கப் பார்ப்பது. வளவு (முற்றம்) வெளிச்சத்தில் துணியைக் கழற்றி அக்குள், தொடை இடுக்கு, காதுக்குப் பின்னால், தலைமுடிக்குள் புண், பொருக்கு ஏதும் உண்டா என்று தேடுங்கள். "அங்கெல்லாமா தம்பி பாக்குறீக?" என்றார் ஆச்சி. தொடை இடுக்கில்தான் இருந்தது: சிகரெட்டால் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு, சுற்றிலும் சிவப்பு. வலி இல்லாததால் பையன் சொல்லவே இல்லை. ஸ்க்ரப் டைஃபஸ். புதரில் இருக்கும் பூச்சிக் குஞ்சு கடித்து வருவது. சாதாரண கல்ச்சரில் இது வளராது. ஐஜிஎம் எலிசா என்று தனி ரத்தப் பரிசோதனை உண்டு. பொருக்கு தெரிந்துவிட்டால் அதன் முடிவுக்குக் காத்திருக்க மாட்டோம். அதற்குரிய ஆன்டிபயாடிக்கான டாக்சிசைக்ளின் தொடங்கி 2 நாளில் காய்ச்சல் இறங்கியது.

காய்ச்சல் 2 வாரம் தாண்டி எடையும் குறைந்தால், வீட்டில் யாருக்காவது டிபி இருந்ததா என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

3 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி வந்தாலோ, எந்தக் குழந்தையும் துவண்டு கிடந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, கழுத்து விறைத்தாலோ, வலிப்பு வந்தாலோ அன்றே, அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ரத்தம் எடுத்த கையோடு அங்கே மருந்து ஏற்றிவிடுவார்கள்.

வரும்போது காய்ச்சல் அளந்த நேரமும் அளவும் எழுதிய தாள், பழைய சீட்டுகள், காலியான மருந்துப் பாட்டில்கள் எல்லாவற்றையும் எடுத்து வாருங்கள்.