பைக் மாதிரி பார்க்காதீர்கள்: பழைய புல்வெட்டி வண்டி வாங்கியவர்கள் செய்யும் தவறுகள்

பெங்களூரில் சர்ஜாப்பூர் சாலை, ஒயிட்ஃபீல்டு பக்கத்து வில்லா லேஅவுட்களில், உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி வண்டி ஒன்று செகண்ட் ஹேண்டில் வந்து இறங்கினால், கூப்பிட்டதும் வருபவர் தெருமுனை டூவீலர் மெக்கானிக்தான். அவர் கைவேலையில் குறையில்லை. ஆனால் பைக்குக்குச் சரியான பல வழக்கங்கள் இந்த வண்டியைக் கெடுத்துவிடும். எங்கள் லேஅவுட் வண்டியைப் பார்த்துக்கொள்வது நான்தான். கண்ட தவறுகளில் பாதி இப்படி வந்தவை.

வண்டி வந்ததும் சாவியைத் திருகிப் பார்க்கக் கை பரபரக்கும். அதற்கு முன் ஆயில் குச்சியை எடுத்து மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தாலோ, அளவு மேல்கோட்டைத் தாண்டியிருந்தாலோ ஸ்டார்ட் செய்யாதீர்கள். கார்புரேட்டரின் ஊசி வால்வு சரியாக மூடாததால், வண்டி சும்மா நின்ற நாட்களில் பெட்ரோல் கசிந்து எஞ்சின் ஆயிலோடு கலந்திருக்கும். நீர்த்துப்போன அந்த ஆயிலில் ஓட்டினால் உள்ளே எல்லாம் தேயும். எங்கள் வண்டி முதல் நாள் வெள்ளையாகப் புகை கக்கியது. பழைய வண்டிதானே என்று விட்டுவிட்டேன். பிறகு எஞ்சினையே பிரிக்க வேண்டியதாயிற்று. ஊசி வால்வையும் ஆயிலையும் மாற்றிவிட்டு, பெட்ரோல் ஹோஸில் திறந்து மூட ஒரு சின்ன வால்வு போட்டோம். வேலை முடிந்ததும் அதை மூடிவிடுகிறோம்.

பெட்ரோலிலும் கவனம் வேண்டும். இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்தது. இந்த எஞ்சின்களின் கையேடுகள் பெரும்பாலும் 10 சதவீதம்வரைதான் ஒப்புக்கொள்கின்றன. தினமும் ஓடும் பைக்கில் பெட்ரோல் தேங்காது. இதுவோ மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை ஓடும், கோடையில் மாதக்கணக்கில் நிற்கும். எத்தனால் ஈரத்தை இழுக்கும், ரப்பரை ஊறவைக்கும். டேங்க்கை நிரப்பி வைக்காமல் அன்றைய வேலைக்கு மட்டும் ஊற்றுங்கள். நீண்ட நாள் நிறுத்துவதாக இருந்தால் டேங்க்கைக் காலி செய்து, எஞ்சின் தானாக அணையும்வரை ஓடவிடுங்கள்.

பைக் எஞ்சின் ஓட்டத்தில் அடிக்கும் காற்றிலேயே ஆறிவிடும். இந்த வண்டி நடை வேகத்தில்தான் போகும். மூடிக்குள் சுழலும் விசிறிதான் அதன் எஞ்சினை ஆற வைக்கிறது. அந்த மூடிக்கடியில் புல்தூசி அடைத்துக்கொண்டால் எஞ்சின் வெந்துபோகும். பருவத்துக்கு ஒருமுறையாவது மூடியைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். பெட்ரோலை மிச்சம் பிடிக்கப் பாதி ஆக்சிலரேட்டரில் புல் வெட்டுவதும் தவறு: விசிறி மெதுவாகச் சுழலும், பிளேடு புல்லை வெட்டாமல் பிய்த்தெடுக்கும்.

காகித ஏர் ஃபில்டரைக் கம்ப்ரஸர் காற்றால் ஊதினால் கிழிந்து தூசி உள்ளே போகும். மெதுவாகத் தட்டுங்கள், போகாவிட்டால் மாற்றுங்கள். சர்வீஸ் ஸ்டேஷன் பிரஷர் தண்ணீரை டெக்கின் (பிளேடை மூடியிருக்கும் தகட்டுக்கூடு) பேரிங் பக்கம் காட்டவே கூடாது.

அடுத்தது பெல்ட். அளவு பொருந்துகிறதே என்று எஸ்.பி. ரோட்டு உதிரிபாகக் கடைகளில் சாதாரண வி-பெல்ட் வாங்கி மாட்டுகிறார்கள். புல்வெட்டி பெல்ட் நழுவி, பிடித்து, விடுவதற்கென்றே செய்யப்பட்டது. சாதாரண பெல்ட் சீக்கிரம் நீளும். சில சமயம் பிளேடு லீவரை விட்ட பிறகும் பிளேடைப் பிடித்தே சுற்றும். விலை கூடினாலும் கம்பெனியின் உதிரிபாக எண்ணைப் பார்த்தே வாங்குங்கள்.

பிளேடைத் தொடுமுன் ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கடியில் கை விடாதீர்கள், ஸ்டாண்ட் வையுங்கள். சாணை பிடிக்கும்போது விளிம்பு நீலமாக மாறினால் இரும்பின் உரம் போய்விட்டது என்று அர்த்தம். அழுத்தாமல், ஆறவிட்டு ஆறவிட்டுத் தீட்ட வேண்டும். பிறகு நடு ஓட்டையை ஆணியில் மாட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கத்தை இன்னும் கொஞ்சம் தேயுங்கள். எடை ஒத்துவராத பிளேடு பேரிங்கை ஒரே பருவத்தில் தின்றுவிடும். திரும்ப மாட்டும்போது வளைந்த இறகு மேலே, டெக்கைப் பார்த்து இருக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் எனக்குப் பயம் தருவது சீட் ஸ்விட்ச். பிளேடு ஓடும்போது ஆள் எழுந்தால் எஞ்சினை அணைப்பது அதன் வேலை. பழைய வண்டிகள் பலவற்றில் அது வேலை செய்யாதபடி வயரை நேராக இணைத்து வைத்திருப்பார்கள், எங்களுடையதிலும் அப்படித்தான் இருந்தது. நான் சரிசெய்ததும் எங்கள் தோட்டக்கார அண்ணன், தருமபுரிக்காரர், வந்து சொன்னார்: "சார், தென்னை மட்டை எடுக்க எறங்குனா வண்டி நின்னுடுது. ஒவ்வொரு தடவையும் ஸ்டார்ட் பண்ணணும்." அவர் சிரமம் நியாயமானது. அதனால் சனிக்கிழமை காலையில் இருவரும் முதலில் ஒரு சுற்று நடக்கிறோம். மட்டை, கல், சொட்டுநீர்க் குழாய், பிள்ளைகள் விட்டுப்போன பந்து எல்லாவற்றையும் பொறுக்கிய பிறகுதான் அவர் வண்டியில் ஏறுகிறார். இடையில் இறங்க வேண்டிய தேவை இப்போது வருவதில்லை.