மே மாதத்தில் மண், ஆடியில் விதை: விடுமுறையில் மாடித்தோட்டம் போடும் முறை

பிள்ளைகளும் பெரியவர்களும் வீட்டிலேயே இருக்கும் கோடை விடுமுறையில் மாடித்தோட்டத்தைத் தொடங்கலாம். ஆனால் நாற்று வாங்க ஓடாதீர்கள். அக்னி நட்சத்திர வெயிலில் தக்காளி பூத்தாலும் பூ உதிர்ந்துவிடும். இந்த மாதம் மண்ணுக்கும் தளத்துக்கும்தான். கூடவே கொஞ்சம் கீரை.

முதலில் தளம். இரண்டு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். அரை மணி நேரம் கழித்தும் தேங்கி நிற்கும் இடத்தில் செடி வளர்க்கும் பை வைக்கக் கூடாது. விரிசல் இருந்தால் அடைத்துவிட்டு மற்ற வேலை. மழைநீர்க் குழாயின் வாயில் வலை கட்டுங்கள், இல்லையென்றால் மண்ணும் சருகும் போய் அடைக்கும். 12 அங்குல அகலமும் 12 அங்குல உயரமும் உள்ள பை சுமார் 22 லிட்டர் பிடிக்கும். வெறும் மண்ணைப் போட்டு நனைத்தால் 35 கிலோவைத் தாண்டும். அதனால் கைப்பிடிச் சுவர் ஓரமாகவும் உத்தரத்துக்கு மேலேயும் வரிசை கட்டுங்கள். அடியில் செங்கல் கொடுத்தால் தளம் காயும்.

கலவைக்குச் செம்மண், தேங்காய் நார்க்கழிவு, மக்கிய தொழு உரம் மூன்றும் ஒரே சட்டி அளவில் சமமாக. பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. 5 கிலோ நார்க்கட்டி ஊறினால் 60 லிட்டருக்கு மேல் உப்பும். அதில் உப்புத்தன்மை இருக்கும், இரண்டு முறை அலசிப் பிழியாமல் சேர்த்தால் இலை நுனி கருகும். பச்சைச் சாணம் வேண்டவே வேண்டாம்: சூடு கிளப்பி வேரை வேகவைக்கும், புழுவும் வைக்கும். மக்கிய உரத்தில் மண்வாசனைதான் வரும்.

கலந்ததை ஒரு பிடி அள்ளி இறுக்குங்கள். கொழுக்கட்டை போல நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். விரலிடுக்கில் தண்ணீர் கசிந்தால் ஈரம் அதிகம். நிழலில் குவித்து, ஈரம் காயாமல் 10 நாள் வைத்து, நடுவில் ஒருமுறை புரட்டுங்கள். பையில் மேலே 2 அங்குலம் விட்டு நிரப்புங்கள்.

சிறுகீரை விதையை மணலோடு கலந்து தூவி, மேலே மெல்லிசாக மண் போடுங்கள். எறும்பு விதையைத் தூக்கிப் போகும். சுற்றிலும் அரிசி நொய் தூவினால் அதை எடுத்துக்கொண்டு விதையை விட்டுவிடும். 25 நாளில் வேரோடு பிடுங்கலாம்.

தண்ணீர் ஊற்றுமுன் விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் அன்று வேண்டாம். அடியிலை மஞ்சளானதும் தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றுகிறார்கள். பெரும்பாலும் பையின் துளை அடைத்து, வேர் மூச்சுமுட்டித்தான் அப்படி ஆகிறது. ஒரு குச்சியால் துளையைக் குத்திவிடுங்கள்.

ஆடி பிறப்பது ஜூலை நடுவில். கத்தரி, தக்காளி, மிளகாய் நாற்று தேற 25 முதல் 30 நாள் ஆகும் என்பதால் ஜூன் மூன்றாம் வாரம் குழித்தட்டில் விதையுங்கள். வெண்டையும் கொத்தவரையும் ஆடியில் நேராகப் பையில், இரண்டிரண்டு விதை. முளைத்ததும் தெம்பானதை விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள்; பிடுங்கினால் நிற்கிற செடியின் வேரும் ஆட்டம் கண்டுவிடும்.