புதிய ஆங்கிலச் சொல்லை அர்த்தத்தோடு நிறுத்திவிடாதீர்கள்: தொடக்க நிலையினருக்கான செய்முறை

ஒரு நாளைக்கு 20 சொற்கள் என்று நோட்டில் எழுதி மனப்பாடம் செய்பவர்கள் நிறைய பேர். பேசும்போது அதில் ஒன்றுகூட வாயில் வருவதில்லை. காரணம், சொல்லின் அர்த்தம் மட்டும்தான் தெரியும். அது எந்தச் சொற்களோடு சேர்ந்து வரும் என்பது தெரியாது. அதனால் வாரத்துக்கு ஐந்து சொற்கள் போதும், ஆனால் ஒவ்வொன்றையும் முழுசாகப் பழகுங்கள்.

படி 1: சொல்லைத் தேர்ந்தெடுங்கள்

நீங்கள் படிக்கிற செய்தியிலோ கட்டுரையிலோ இரண்டு முறையாவது கண்ணில் பட்ட சொல்லை எடுங்கள். உயர்கல்விக்குத் தயாராகிறவர்களுக்கு 'அகாடமிக் வேர்ட் லிஸ்ட்' நல்ல துணை. கல்விசார் நூல்களில் அடிக்கடி வரும் சொற்களைத் தொகுத்து, நியூசிலாந்தின் மொழியியல் ஆய்வாளர் ஆவரில் காக்ஸ்ஹெட் 2000-இல் வெளியிட்ட பட்டியல் அது. 570 சொற்குடும்பங்கள், அதாவது ஒரே சொல்லிலிருந்து கிளைத்த சொற்களின் கூட்டங்கள், இருக்கின்றன. அதிலிருந்தே ஒன்றை எடுத்துக்கொள்வோம்: ரிலக்டன்ட்.

படி 2: பக்கத்துச் சொல்லோடு ஒப்பிடுங்கள்

பலரும் தவறவிடும் படி இதுதான். ரிலக்டன்ட் என்றாலும் ஹெஸிடன்ட் என்றாலும் தமிழில் 'தயக்கம்' என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறோம். என்ன செய்வது, சரியா தவறா என்று தெரியாமல் தயங்கினால் ஹெஸிடன்ட். செய்ய மனமில்லாமல் தயங்கினால் ரிலக்டன்ட். 'அரைமனதோடு ஒத்துக்கொண்டார்' என்கிறோமே, அந்த அரைமனது! லத்தீனில் ரிலக்டன்ட்டின் வேர்ச்சொல்லுக்கு 'எதிர்த்துப் போராடு' என்று பொருள். உள்ளுக்குள் ஒரு போராட்டம் நடக்கிறது என்று நினைத்துக்கொண்டால் இனி மறக்காது.

படி 3: கூட்டாளிகளைக் கண்டுபிடியுங்கள்

தமிழில் 'பலத்த மழை', 'கடும் வெயில்' என்கிறோம். 'பலத்த வெயில்' என்றால் புரியும், ஆனால் காதில் இடிக்கும். ஆங்கிலத்திலும் அப்படித்தான். மழைக்கு 'ஹெவி ரெய்ன்' என்பார்கள், 'ஸ்ட்ராங் ரெய்ன்' என்பதில்லை.

கற்பவர்களுக்கென்றே எழுதப்பட்ட ஆங்கில அகராதியைத் திறந்து எடுத்துக்காட்டு வாக்கியங்களைப் பாருங்கள். ரிலக்டன்ட் வந்தால் பின்னால் பெரும்பாலும் 'டு' வரும், அப்புறம் வினைச்சொல்: 'ரிலக்டன்ட் டு அட்மிட்', 'ரிலக்டன்ட் டு லீவ்'. இந்தத் துண்டை அப்படியே நோட்டில் எழுதுங்கள், தனிச்சொல்லாக வேண்டாம். குடும்பத்தையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்: ரிலக்டன்ஸ், ரிலக்டன்ட்லி.

படி 4: நிறம் பாருங்கள்

சில சொற்கள் பாராட்டும், சில திட்டும். 'ஃபேமஸ்' புகழ், 'நொட்டோரியஸ்' கெட்ட பெயர். அகராதியில் அர்த்தத்துக்கு முன்னால் 'ஃபார்மல்' (முறையான நடை), 'டிஸ்அப்ரூவிங்' (குறைசொல்லும் தொனி) என்று குறிப்பு இருந்தால் தாண்டிப் போகாதீர்கள்.

படி 5: உங்கள் வாக்கியம் எழுதுங்கள்

அகராதி வாக்கியத்தைக் காப்பியடித்தால் ஒட்டாது. உங்கள் வாழ்க்கையில் நடந்ததையே எழுதுங்கள். 'ஐ வாஸ் ரிலக்டன்ட் டு ஆஸ்க் ஃபார் ஹெல்ப்.' உதவி கேட்க மனம் வராத ஒரு நாள் எல்லோருக்கும் இருக்கும். அந்த நாளை நினைத்துக்கொண்டு மூன்று முறை வாய்விட்டுச் சொல்லுங்கள். அழுத்தம் நடுவில், 'லக்' மேல் விழ வேண்டும்.

படி 6: இடைவெளி விட்டுத் திரும்பிப் பாருங்கள்

படித்தது எவ்வளவு வேகமாக மறக்கிறது என்பதை ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-லேயே தன்னையே சோதித்து எழுதினார். நான் மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம், ஒரு மாதம் என்று பார்க்கிறேன். பார்ப்பது என்றால் வாசிப்பதல்ல. சொல்லைக் கையால் மூடிக்கொண்டு, 'அரைமனதோடு' என்பதை மட்டும் பார்த்து முழு வாக்கியத்தையும் சொல்ல வேண்டும். வரவில்லையா, சரி, நாளைக்கு மறுபடி அதே சொல்.