பி.ஆர். வரும்வரை வேலை நிற்கக் கூடாது: கனடாவில் சுகாதாரத் துறையினருக்கான வேலை அனுமதி வழிகள்

நிரந்தர வதிவிட (பி.ஆர்.) விண்ணப்பத்தை அனுப்பியாயிற்று, இனிக் கவலையில்லை என்று நிம்மதியாக இருப்பவர்களுக்காகத்தான் இதை முதலில் எழுதுகிறேன். பி.ஆர். விண்ணப்பம் எவருக்கும் வேலை செய்யும் உரிமையைத் தருவதில்லை. கையிலுள்ள வேலை அனுமதியின் கடைசி நாள் கடந்துவிட்டால், விண்ணப்பம் எவ்வளவு வலுவானதாக இருந்தாலும் மறுநாள் காலை நீங்கள் பணிக்குப் போக முடியாது. புள்ளி அடிப்படையில் ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையின் விண்ணப்பங்களை ஆறு மாதத்தில் முடிப்பது குடிவரவுத் திணைக்களத்தின் இலக்கு. மாகாண நியமனம் (ஒரு மாகாணம் தேர்ந்தெடுத்துப் பரிந்துரைப்பது) பெற்று, எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்கு வெளியே விண்ணப்பிப்பவர்களுக்கு அதைவிட நெடுங்காலம் ஆகிறது. நல்ல தாதிகளும் மருந்தாளர்களும் முதியோர் இல்லப் பணியாளர்களும் வேலையை இழப்பது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான். அவர்களது தகுதியில் குறை இருப்பதில்லை. ஏதோ ஒரு தாள் சரியான நேரத்தில் போய்ச் சேர்ந்திருக்காது.

ஒன்ராறியோவை மனதில் வைத்தே எழுதுகிறேன். நம்மவர்களில் பெரும்பாலானோர் வந்து இறங்குவது இங்கேதான். கியூபெக்கின் தேர்வு முறை தனியானது. அங்கே போகிறவர்கள் அந்த மாகாண விதிகளைத் தனியே பார்க்க வேண்டும்.

முதலில் அனுமதிப் பத்திரத்தை வாசியுங்கள்

வேலை அனுமதி கைக்கு வந்ததும் எல்லோரும் பார்ப்பது பெயரையும் திகதியையும். அதன் கீழே நிபந்தனைகள் என்று சில வரிகள் இருக்கும். குழந்தைப் பராமரிப்பு, பாடசாலைக் கற்பித்தல், சுகாதார சேவை ஆகிய வேலைகளுக்கு இந்த அனுமதி செல்லாது என்ற வரி அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அது எந்த முதலாளியிடமும் வேலை செய்ய விடும் திறந்த அனுமதியாகவே இருந்தாலும் நீங்கள் மருத்துவமனையிலோ முதியோர் இல்லத்திலோ வேலை செய்ய முடியாது. கடையில் வேலை செய்யலாம், வங்கியில் வேலை செய்யலாம், நோயாளியின் அருகில் நிற்க மட்டும் அனுமதி இல்லை.

இந்த வரி விழுவதற்குக் காரணம் மருத்துவப் பரிசோதனை. பொதுச் சுகாதாரத்தைப் பாதிக்கக்கூடிய வேலைகளில் சேருகிறவர் எந்த நாட்டிலிருந்து வந்தாலும், திணைக்களம் அங்கீகரித்த வைத்தியரிடம் குடிவரவுப் பரிசோதனை செய்திருக்க வேண்டும். இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் நெடுநாள் தங்க வருபவர்கள் எப்படியும் பரிசோதனைக்குப் போகிறார்கள். லண்டனிலிருந்தோ பாரிஸிலிருந்தோ ஒஸ்லோவிலிருந்தோ வரும் தமிழர்களுக்கு அது பொதுவாகத் தேவைப்படாததால் அவர்கள் செய்யாமலே வந்துவிடுகிறார்கள். பிறகு அந்த வரியோடு நிற்கிறார்கள். கணவர் அல்லது மனைவியின் வழியாகத் திறந்த அனுமதி பெற்று வரும் தாதிகளுக்கும் இது அடிக்கடி நேர்கிறது.

சரிசெய்ய வழி உண்டு. அங்கீகரிக்கப்பட்ட வைத்தியரிடம் பரிசோதனை செய்து, அவர் தரும் தகவல் தாளை இணைத்து, அனுமதியின் நிபந்தனையை மாற்றும்படி இணையத்தில் விண்ணப்பிக்கலாம். குடும்ப வைத்தியர் செய்யும் பரிசோதனை இதற்குச் செல்லாது. முடிவு 12 மாதங்களுக்குத்தான் செல்லுபடியாகும். இங்கே ஒரு நல்ல வாய்ப்பும் இருக்கிறது: 2025 ஓகஸ்ட் 21 முதல் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் பி.ஆர். விண்ணப்பத்தை அனுப்பும் முன்பே பரிசோதனையை முடிக்க வேண்டும். ஆகவே அந்தத் தாள் ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கும். அடுத்த வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போது அதையும் இணைத்துவிடுங்கள். கேட்டால் கொடுப்போம் என்று காத்திருக்காதீர்கள்.

இந்த வரியை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்கு இன்னொரு காரணம் தொழில் உரிமம். ஒன்ராறியோவில் தாதியாகப் பதிவுசெய்ய, கனடியக் குடியுரிமையோ, நிரந்தர வதிவிடமோ, தாதியாக வேலை செய்யும் சட்டபூர்வ அனுமதியோ இருக்க வேண்டும். என்க்ளெக்ஸ் என்ற தாதியர் உரிமப் பரீட்சையில் சித்தியடைந்து, ஆங்கிலத் தேர்வையும் முடித்து, கடைசியில் இந்த ஒரு வரியால் பதிவு தாமதமாவது எவ்வளவு கொடுமை! உரிமம் கிடைத்த பிறகும் வேலை அனுமதி புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் புதிய பத்திரத்தின் பிரதியை ஒழுங்குபடுத்தும் அமைப்புக்கு அனுப்புங்கள். உரிமம் பெறும் பாதையிலேயே தடுமாறுகிறவர்கள், வெளிநாட்டில் படித்த தாதியருக்கென்றே ரொறன்ரோவில் இயங்கும் கேர் சென்டரை அணுகலாம்.

பிரிட்ஜிங் பெர்மிட்

பி.ஆர். காத்திருப்புக்கென்றே உள்ள அனுமதி இதுதான். திறந்த அனுமதி என்பதால் வேலை கொடுப்பவரின் கடிதம் வேண்டியதில்லை. மருத்துவமனை மாறலாம், இரண்டு இடங்களில் பகுதி நேரம் செய்யலாம். கட்டணம் 155 டொலரும், திறந்த அனுமதிக்கான 100 டொலரும் சேர்த்து 255 டொலர்.

யாருக்குக் கிடைக்கும் என்பதில்தான் குழப்பம். எக்ஸ்பிரஸ் என்ட்ரி வழியாகவோ, வேலை கொடுப்பவரோடு பிணைக்கப்படாத மாகாண நியமனம் வழியாகவோ, பராமரிப்பாளர் திட்டங்கள் வழியாகவோ விண்ணப்பித்த முதன்மை விண்ணப்பதாரருக்குக் கிடைக்கும். அவர் கனடாவில் இருக்க வேண்டும். செல்லுபடியாகும் வேலை அனுமதி இருக்க வேண்டும், அல்லது அதை நீடிக்க உரிய நேரத்தில் விண்ணப்பித்துக் காத்திருப்பவராக இருக்க வேண்டும், அல்லது இழந்த அந்தஸ்தை மீட்கும் தகுதி உள்ளவராக இருக்க வேண்டும். மாணவர் அனுமதியில் மட்டும் இருப்பவருக்கும் வருகையாளராக இருப்பவருக்கும் இது கிடையாது.

மிக முக்கியமானது நேரம். பி.ஆர். விண்ணப்பம் முழுமையானது என்று சரிபார்க்கப்பட்டு, அதைப் பெற்றுக்கொண்டதாக ஏ.ஓ.ஆர். கடிதம் வந்த பிறகே பிரிட்ஜிங் பெர்மிட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். எக்ஸ்பிரஸ் என்ட்ரி அழைப்புக் கடிதம் இதற்குப் போதாது. மாகாண நியமனச் சான்றிதழும் போதாது. அவசரத்தில் முந்தி அனுப்பினால் மறுப்பு வரும். பழைய அனுமதி அதற்குள் முடிந்திருந்தால், மறுப்பு வந்த அன்றே வேலையை நிறுத்த வேண்டியதுதான். அதனால்தான் வேலை அனுமதி முடியப் பல மாதங்கள் இருக்கும்போதே பி.ஆர். விண்ணப்பத்தை அனுப்பிவிடுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

கடவுச்சீட்டையும் பாருங்கள். எந்த வேலை அனுமதியும் கடவுச்சீட்டு முடியும் நாளைத் தாண்டி வழங்கப்படாது. இலங்கைக் கடவுச்சீட்டு கொழும்பிலிருந்து வந்துசேர மாதங்கள் ஆகலாம். ஓராண்டுக்கும் குறைவாக இருந்தால் இன்றே புதுப்பிக்கத் தொடங்குங்கள். படிப்புக்குப் பிந்தைய வேலை அனுமதி வாழ்நாளில் ஒருமுறைதான் கிடைக்கும் என்றாலும், கடவுச்சீட்டின் காரணமாக அது குறைந்த காலத்துக்கு வழங்கப்பட்டிருந்தால், புதிய கடவுச்சீட்டோடு மீதிக் காலத்தைக் கேட்டு வாங்கலாம். இந்த உரிமையைப் பயன்படுத்தாமலே பலர் விட்டுவிடுகிறார்கள்.

நியமனம் வேலையோடு பிணைந்திருந்தால்

ஒன்ராறியோவின் நியமனம் ஒரு குறிப்பிட்ட வேலைவாய்ப்பின் பேரில் கிடைத்திருந்தால் பிரிட்ஜிங் பெர்மிட் கிடைக்காது. ஆனால் வழி மூடப்படவில்லை. மாகாணம் ஒரு ஆதரவுக் கடிதம் தரும். அதை வைத்து, எல்.எம்.ஐ.ஏ. (வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்க முதலாளி பெறும் தொழிற்சந்தை மதிப்பீடு) இல்லாமலே அந்த வேலை கொடுப்பவருக்கான அனுமதி பெறலாம். வேலை கொடுப்பவர் குடிவரவுத் திணைக்களத்தின் முதலாளிகளுக்கான இணையவாயில் வழியாக வேலைவாய்ப்பைப் பதிந்து 230 டொலர் செலுத்த வேண்டும். சிறிய முதியோர் இல்லங்கள் பலவற்றுக்கு இந்த நடைமுறை தெரியாது. நீங்களே பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

அந்த 230 டொலரும், வேறு சந்தர்ப்பத்தில் எல்.எம்.ஐ.ஏ.க்கான 1,000 டொலரும் வேலை கொடுப்பவரின் செலவு. அதை உங்களிடம் வாங்குவது சட்டவிரோதம். எல்.எம்.ஐ.ஏ. விற்பனை என்று ஆயிரக்கணக்கான டொலர் கேட்பவர்கள் நம் சமூகத்துக்குள்ளும் இருக்கிறார்கள். எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் வேலைவாய்ப்புக்கு இருந்த மேலதிகப் புள்ளிகள் 2025 மார்ச் 25 உடன் நீக்கப்பட்டுவிட்டன. புள்ளிக்காக எல்.எம்.ஐ.ஏ. வாங்கச் சொல்பவர் உங்களை ஏமாற்றுகிறார். கட்டணம் வாங்கி ஆலோசனை சொல்பவர் வழக்கறிஞராகவோ, குடிவரவு ஆலோசகர்களின் ஒழுங்குமுறைக் கல்லூரியில் பதிவு பெற்றவராகவோ இருக்க வேண்டும். பதிவேட்டை எவரும் இணையத்தில் பார்க்கலாம்.

திகதி கடந்துபோகும்போது

அனுமதி முடியும் முன்பே புதிய அனுமதிக்கு விண்ணப்பித்துவிட்டால், முடிவு வரும்வரை பழைய அனுமதியின் நிபந்தனைகளின் கீழ் தொடர்ந்து வேலை செய்யலாம். மனிதவளப் பிரிவினர் ஆதாரம் கேட்பார்கள். விண்ணப்பம் பெறப்பட்டதற்கான கடிதத்தையும் கட்டணச் சீட்டையும் கொடுங்கள்.

இந்த நிலையில் நாட்டை விட்டு வெளியே போகாதீர்கள். போனால், திரும்பி வந்த பிறகு புதிய அனுமதி கிடைக்கும்வரை வேலை செய்யும் உரிமை இல்லை. ஊரில் அம்மாவுக்குச் சுகமில்லை என்ற செய்தி வந்தால் எந்த விதியும் கண்ணுக்குத் தெரியாது; அது எனக்கும் தெரியும். போகத்தான் வேண்டுமென்றால் போங்கள். ஆனால் வேலையில் முன்கூட்டியே சொல்லி, சம்பளமில்லாத விடுப்புக்கு ஏற்பாடு செய்துவிட்டுப் போங்கள்.

விண்ணப்பிக்காமலே திகதி கடந்துவிட்டால் 90 நாட்களுக்குள் அந்தஸ்தை மீட்க விண்ணப்பிக்கலாம். அது முடியும்வரை வேலை செய்யக் கூடாது. ஒரு இரவுப் பணிகூடச் செய்யாதீர்கள். அனுமதியில்லாத வேலை அடுத்த அனுமதியையும் கெடுக்கும், பி.ஆர். அனுபவக் கணக்கிலும் சேராது. முன்பெல்லாம் நயாகரா எல்லைக்குக் காரில் போய், பாலத்தைச் சுற்றி வந்து அன்றே அனுமதி வாங்கியவர்கள் உண்டு. 2024 டிசம்பர் 23 உடன் அந்த வழி மூடப்பட்டது. பழைய ஆட்கள் இன்னும் அதைச் சொல்வார்கள். கேட்டு வண்டியை எடுக்காதீர்கள்.

பி.எஸ்.டபிள்யூ. வேலையில் இருப்பவர்களுக்கு

ஊரில் தாதியாக இருந்தவர்கள் உரிமம் வரும்வரை பி.எஸ்.டபிள்யூ. (தனிநபர் பராமரிப்புப் பணியாளர்) வேலைக்குப் போவது வழக்கம். அது மதிப்புள்ள வேலை. ஆனால் எங்கே செய்கிறீர்கள் என்பது பி.ஆர். கணக்கில் பெரிய வித்தியாசத்தை உண்டாக்கும். மருத்துவமனையிலோ நீண்டகாலப் பராமரிப்பு இல்லத்திலோ செய்யும் வேலை 33102 என்ற தொழில் எண்ணின் கீழ், மூன்றாம் நிலையில் வருகிறது (கனடா தொழில்களை 0 முதல் 5 வரை நிலைகளாகப் பிரிக்கிறது). எக்ஸ்பிரஸ் என்ட்ரியின் கனடிய அனுபவப் பிரிவில் அது கணக்கில் சேரும். வீடு வீடாகப் போய்ச் செய்யும் பராமரிப்பு 44101இன் கீழ், நான்காம் நிலையில் வருகிறது, அது சேராது. அனுபவக் கடிதம் கேட்கும்போது நீங்கள் உண்மையில் செய்த பணிகளை விரிவாக எழுதித் தரச் சொல்லுங்கள். வீட்டுப் பராமரிப்பாளர்களுக்கென 2025 மார்ச் 31 அன்று தொடங்கப்பட்ட திட்டத்தின் இடங்கள் மிக விரைவாக நிரம்பிவிட்டன. அப்படி ஒன்று திறக்கும் என்று நம்பி மட்டும் இருக்க வேண்டாம். இயன்றால் பராமரிப்பு இல்லத்தில் வேலைக்கு மாறுங்கள்.

ஒரே முதலாளியோடு பிணைந்த அனுமதியில் இருந்துகொண்டு, சம்பளம் மறுக்கப்பட்டோ, மிரட்டப்பட்டோ, அத்துமீறலுக்கு ஆளாகியோ தவிப்பவர்கள் வாய் திறக்கப் பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டாம். துன்புறுத்தலுக்கு உள்ளாகும் தொழிலாளர்களுக்கான திறந்த அனுமதி 2019 ஜூன் முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்குக் கட்டணமும் கிடையாது. குறுஞ்செய்திகள், சம்பளச் சீட்டுகள், வேலை நேரப் பட்டியல் எல்லாவற்றையும் பத்திரப்படுத்தி வையுங்கள்.

மருத்துவர்களும் துணைவர்களும்

மருத்துவர்களின் நிலை சற்று மேம்பட்டிருக்கிறது. மாகாணக் காப்பீட்டிலிருந்து சேவைக்கேற்பக் கட்டணம் பெறும் மருத்துவர் சுயதொழில் செய்பவராகக் கருதப்பட்டு அனுபவப் பிரிவிலிருந்து விலக்கப்பட்ட நிலை 2023இல் நீங்கியது. 2025 டிசம்பரில், கனடாவில் ஓராண்டு அனுபவம் உள்ள வெளிநாட்டு மருத்துவர்களுக்கு எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் தனிப் பிரிவு அறிவிக்கப்பட்டது. மாகாணங்கள் மருத்துவர்களை நியமிக்க 5,000 இடங்களும், அப்படி நியமிக்கப்படுவோருக்கு 14 நாட்களில் வேலை அனுமதியும் அதே அறிவிப்பில் இருந்தன.

துணைவருக்கான திறந்த அனுமதி 2025 ஜனவரி 21 முதல் இறுகிவிட்டது. 0, 1 ஆகிய நிலைகளில் வேலை செய்பவர்களின் துணைவருக்கும், 2, 3 ஆகிய நிலைகளில் ஆள் பற்றாக்குறை உள்ள குறிப்பிட்ட தொழில்களில் இருப்பவர்களின் துணைவருக்கும்தான் கிடைக்கும். அந்தத் தொழில்களில் சுகாதாரத் துறை வேலைகள் சிலவும் அடங்கும். விண்ணப்பிக்கும் நாளில் உங்கள் அனுமதியில் குறைந்தது 16 மாதங்கள் மீதமிருக்க வேண்டும் என்பதால், உங்களுடையது புதிதாகக் கிடைத்தவுடனேயே துணைவரின் விண்ணப்பத்தை அனுப்பிவிடுவது நல்லது.

ஒவ்வொரு புதிய அனுமதி வந்ததும் சேர்வீஸ் கனடாவில் உங்கள் சின் எண்ணின் (சமூகக் காப்புறுதி எண்) காலாவதித் திகதியை மாற்றுங்கள். 9இல் தொடங்கும் எண் அனுமதியோடு சேர்ந்தே முடிகிறது. ஓஹிப் என்ற ஒன்ராறியோ சுகாதாரக் காப்புறுதி அட்டையும் அப்படித்தான். பி.ஆர். உறுதியானதும் சேர்வீஸ் கனடாவில் நிரந்தர சின் எண் கேளுங்கள், ஓஹிப் அலுவலகத்தில் உங்கள் அந்தஸ்தை மாற்றுங்கள், தொழில் உரிமம் தரும் அமைப்புக்கும் வேலையிடத்துக்கும் உறுதிப்படுத்தல் பத்திரத்தின் பிரதியை அதே வாரத்தில் அனுப்பிவிடுங்கள்.