குளோரினுக்கு முன் பஞ்சுக்குச்சி: தொற்றுக்காலத்தில் குற்ற வழக்கு

தொற்றாளர் இருந்த வீட்டில் குற்றம் நடந்தால் முதல் இழுபறி வாசலிலேயே தொடங்கும். சுகாதாரப் பரிசோதகர் தெளிகருவியோடு நிற்பார், தடயம் சேகரிக்கும் பொலிஸ் பிரிவான சோகோ அணி இன்னும் வழியில் இருக்கும். தெளிக்க விடாதீர்கள். குளோரின் மரபணுவைச் சிதைத்துவிடும். இரத்தக் கறையை ஒளிரவைத்துக் காட்டும் லூமினோலும் குளோரின் பட்ட இடத்தில் இரத்தமே இல்லாமல் ஒளிரும்.

உள்ளே இருவர் போதும்: ஒருவர் தொட, மற்றவர் படமெடுத்து எழுத. என்95, இரட்டைக் கையுறை. வெளிக் கையுறையைப் பொருளுக்குப் பொருள் மாற்றுங்கள், சனிடைசர் பூசிச் சமாளிக்க வேண்டாம். ஈரக் கையுறை பட்டால் ரேகை கலைந்துவிடும். பஞ்சுக்குச்சியால் ஒற்றுவது உட்படத் தடயம் எல்லாம் எடுத்த பிறகு தெளிக்கலாம்: 5% குளோரின் திரவம் 20 மில்லிலீற்றருக்குத் தண்ணீர் 980, இரத்தம் சிந்திய இடத்துக்கு 100க்கு 900. 10 நிமிடம் ஊறட்டும்.

இரத்தம் பட்ட சாரத்தை ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டுவதுதான் அதிகம் நடக்கும் பிழை. மட்டக்களப்பில் மாரிப் புழுக்கத்துக்குச் சீக்கிரமே பூஞ்சணம் பிடிக்கும். வெயில் படாமல், சுத்தமான கடதாசியில் விரித்து உலர்த்திக் கடதாசிப் பையில் இடுங்கள். பையின் மேலும் தெளிக்கக் கூடாது, மை கரைந்தால் முத்திரையே கேள்வியாகும். கொவிட் தொற்றென்றால் மூன்று நாள் ஒதுக்கி வைத்தாலே போதும். எந்த அலுமாரி, யாரிடம் சாவி என்று எழுதிவிடுங்கள். ஊரடங்கில் பத்தரமுல்லையில் உள்ள அரச பகுப்பாய்வாளர் திணைக்களத்துக்கு அனுப்பத் தாமதமானால் எதிர்த்தரப்பு முதலில் கேட்பது அதைத்தான்.

கைதுக்குப் பின் நீதவான் முன் நிறுத்த வேண்டிய 24 மணித்தியாலக் கெடுவை ஊரடங்கு நீட்டாது. நீதிமன்றம் மூடியிருந்தால் நீதவானின் வாசஸ்தலத்துக்குக் கொண்டுபோங்கள். முதல் ஆஜர்படுத்தல் நேரில்தான் நடக்க வேண்டும்: அடிகாயம் திரையில் தெரியாது. விளக்கமறியல் நீடிப்பைக் காணொளியில் செய்யலாம். ஆனால் கமராவை அறை முழுக்கச் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள், கதவோரம் யார் நிற்கிறார் என்று தெரியும். இணைப்புக்கு முன் சட்டத்தரணியோடு தனியே பேச விடுங்கள். காவலர் கண்ணுக்கு எட்டலாம், காதுக்கு எட்டக் கூடாது. அம்பாறையில் சிங்களத்தில் நடக்கும் வழக்கில் தமிழ்ச் சந்தேகநபருக்கு ஒவ்வொரு வசனமாக நிறுத்தி மொழிபெயர்க்க வேண்டும். நிறுத்தாவிட்டால், குரல் பிந்தி வருவதால் பேச்சும் மொழிபெயர்ப்பும் ஒன்றன்மேல் ஒன்று விழும். றவுட்டருக்கும் யூ.பி.எஸ். வேண்டும், கணினிக்கு மட்டும் வைத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள்.

தவறிய கெடுக்களுக்கும் காணொளி விசாரணைக்கும் வழிவிட்ட 2021ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டம் கொவிட்டுக்கான தற்காலிக ஏற்பாடு. அடுத்த தொற்றில் அதைக் காட்டித் தவணை கேட்க நினைக்க வேண்டாம்.

சாட்சி முகக்கவசத்தைக் கழற்றி, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்று பேசட்டும். தொலைவிலிருந்து சாட்சியமளித்தால் பக்கத்தில் நீதிமன்ற அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும், மேசையில் கைப்பேசி இருக்கக் கூடாது. இணைப்பு அறுந்தால் எந்தக் கேள்வியில், எத்தனை மணிக்கு என்று பதிவுசெய்து, அந்தக் கேள்வியையே மீண்டும் கேளுங்கள்.